திருப்பதி போய்வந்த முயல்கள்

"ரெண்டும் பொட்டைதான் சார், கண்ணை மூடிக்கினு தூக்கினு போங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த இரண்டு குட்டிகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்கி வந்தேன். சித்தூரில் உகாதி முடிந்த மறுநாள். வெள்ளையாக இருந்ததற்கு என் மகள் புஜ்ஜி என்று பெயர் வைத்தாள். சாம்பல் நிறத்துக்கு, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா கொஞ்சிக் கூப்பிட்டதே பெயராகிவிட்டது: பண்டு.

ஆடி மாதத்தில் ஒரு காலை அம்மா தோட்டத்துப் பக்கம் போனவள், "டேய், இங்க வந்து பாருடா" என்று கத்தினாள். மாங்காய் சீசனில் மண்டியிலிருந்து வந்த காலி மரப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதற்குள் வைக்கோல். வைக்கோலுக்கு மேல் பஞ்சு மெத்தை போல வெள்ளை முடி. அந்த முடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விரலால் மெல்ல விலக்கினால் உள்ளே ஆறு உருப்படிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், ரோஸ் நிறம், கண் திறக்கவில்லை, உடம்பில் ஒரு முடி இல்லை. புஜ்ஜி தன் மார்பு முடியைத் தானே பிய்த்துப் போட்டு மெத்தை செய்திருந்தாள். அவள் கழுத்துக்குக் கீழே தோல் தெரிந்தது.

"இது இன்னாடா, எலிக் குஞ்சு மாதிரி கீது? மொசக் குட்டி பொறக்கறப்பவே முடியோட, கண்ணு தெறந்துனு இல்ல இருக்கும்?" என்றாள் அம்மா. அவள் கிராமத்தில் வளர்ந்தவள். கொல்லைப் புதரில் காட்டு முயல் குட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தவள். அவள் சொன்னதும் சரி, பெட்டியில் கிடந்ததும் சரி. நம் சேஷாசல மலையடிவாரத்தில் ஓடுவது வேறு ஜாதி. அது குழி தோண்டாது. குட்டி பிறந்த அன்றே கண்ணைத் திறந்துகொண்டு உட்காரும். வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவின் குழிமுயல் வழி வந்தது. இரண்டுக்கும் கலப்பே நடக்காது. தமிழில் இரண்டையும் முயல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். எங்கள் தெருப் பையன்கள் சிலருக்கு அந்த யோசனை உண்டு.

கடைக்காரர் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. இரண்டு மாதக் குட்டியில் ஆணுக்கு விரை வெளியே இறங்கியிருக்காது. மல்லாக்கப் பிடித்து, மெல்ல அழுத்தி, துவாரம் வட்டமாக இருக்கிறதா, கீறல் போல இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பழகிய கைக்கே தப்பும். பெரிய முயலில்கூட பயந்தால் விரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பண்டு அந்த வித்தையில் கெட்டிக்காரன்.

ஆறு குட்டிகளைப் பார்த்த சந்தோஷத்தில் நாங்கள் செய்யாமல் விட்டது ஒன்று: பண்டுவை அன்றே பிரிக்கவில்லை. சரியாக முப்பத்தொரு நாள். காணிப்பாக்கத்தில் பிள்ளையார் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அதே மாம்பழப் பெட்டியில் இன்னும் ஏழு. முயலுக்குச் சினைக்காலம் முப்பது, முப்பத்திரண்டு நாள்தான். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி இணை சேர்ந்து சினை பிடித்துவிடும் என்பதை நான் ஏழு குட்டிகளை எண்ணிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பதிமூன்று குட்டி, இரண்டு பெரியவர்கள், ஆக மொத்தம் பதினைந்து. எதிர்வீட்டுக்காரர் சுவர்மேல் முழங்கை ஊன்றி, "மாஸ்டாரு, குந்தேலு கூர ரொம்ப ருசி" என்றார், முயல் கறியைத்தான். என் மகள் மூன்று நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

நான் கணக்கு வாத்தியார். 1202இல் இத்தாலிக்காரர் பிபொனாச்சி தன் புத்தகத்தில் ஒரு ஜோடி முயல் ஓராண்டில் எத்தனை ஜோடியாகும் என்று கணக்குப் போட்டு, 377 என்று விடை சொல்லியிருக்கிறார். அதே எண்வரிசையை அவருக்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே ஹேமச்சந்திரர் செய்யுளின் குறில் நெடில் கணக்கில் எழுதிவிட்டார் என்று ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்பில் பெருமையாகச் சொல்லிவந்தவன் நான். தாய் ஒரு ஈட்டுக்கு இரண்டே குட்டி போடும் என்று பிபொனாச்சி வைத்துக்கொண்டது எவ்வளவு தாராளமான மனசு என்று இப்போதுதான் புரிந்தது. ஆஸ்திரேலியாவுக்கு 1859இல் இங்கிலாந்திலிருந்து தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வரவழைத்தது இருபது சொச்சம் முயல்கள். வேட்டையாட வேண்டும் என்ற ஆசை. அதில் தொடங்கிய முயல் வெள்ளத்தைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். முயல் வேலிக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது. நான் வாங்கியது நாற்பது அடி கோழிவலை.

அந்தக் கோழிவலைக் காலத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. குட்டிகளை எட்டு வாரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக நல்ல வீடு பார்த்துக் கொடுத்தோம். ஒரு வீட்டுக்கு ஆணோ பெண்ணோ ஒரே பால் என்று பிடிவாதமாக, மூன்று தடவை சரிபார்த்து. பண்டு ஒரு பக்கம், புஜ்ஜி ஒரு பக்கம். பண்டு இரவெல்லாம் கம்பியைக் கடித்தான். டர்ர், டர்ர். பகலில் வலைக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்பக்கம் மூத்திரத்தைப் பீய்ச்சுவான். அது ஒருநாள் என் மனைவியின் துவைத்த புடவையில் விழுந்தது. ஆண் முயல் மூத்திர நாற்றம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புஜ்ஜியோ சினையே இல்லாமல் சினை என்று நினைத்துக்கொண்டு வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அலைந்தாள், மறுபடி மார்பு முடியைப் பிய்த்தாள், கையை நீட்டினால் உறுமினாள். முயல் உறுமும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"பருவத்துக்கு வரும்போது மட்டும் பிரித்துவை, மற்ற நாள் விடு" என்றார் மாடு வளர்க்கும் நண்பர் ஒருவர். மாட்டுக்குச் சரி. முயலுக்கு அப்படி நாள் பார்த்து வரும் பருவம் கிடையாது. ஆணோடு சேர்ந்த பிறகுதான், அந்தத் தூண்டுதலில்தான், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டையே வெளியாகும். சேர்வதற்கு ஆகும் நேரமோ சில விநாடி. நீங்கள் வாசலில் பால்காரரிடம் சில்லறை வாங்கித் திரும்புவதற்குள் காரியம் முடிந்து ஆண் பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து கிடக்கும். காவல் காத்து ஜெயிக்க முடியாத விஷயம் இது.

கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் முயல்களும் வளர்க்கிறார்கள். அதுபோன்ற முயல் பண்ணைகளில் ஒவ்வொரு பெரிய முயலுக்கும் தனிக் கூண்டு. வேண்டும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள், மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்துக்கு வந்தவனைக் கடித்துத் துரத்திவிடும். பண்ணைக்கு அது போதும். ஆனால் முயல் கூட்டமாக வாழப் பிறந்த ஜீவன். எட்டுப் பத்து வருஷம் வாழக்கூடியதை வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்திருப்பதா? சொல்லுங்கள்.

என்னைக் காப்பாற்றியது திருப்பதி. ஏழுமலையான் அருள் ஒரு பக்கம் இருக்கட்டும்; நான் சொல்வது அங்கிருந்த ஒரு கால்நடை டாக்டரை. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005இல் அந்த ஊரிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பெயரில் கால்நடைப் பல்கலைக்கழகமும் வந்தது. ஆகவே ஊரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முயலை மேஜைமேல் வைத்ததும் முகம் மலர்கிற டாக்டர் வேண்டும். அதற்கு நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடணுமா டாக்டர்?" போடணும் என்று சொன்ன இருவரிடம் நன்றி சொல்லித் திரும்பினேன். இவர் நிமிர்ந்து பார்த்து, "வத்து மாஸ்டாரு, முயல் வாந்தி எடுக்காது. அதுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். காலையில புல்லு போட்டுக் கூட்டி வாங்க, அது தின்ற புல்லையே ஒரு பையில கொண்டு வாங்க" என்றார். அந்த நிமிஷமே காலில் விழுந்திருப்பேன்.

காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பெண் முயலுக்குக் கருப்பை ஒன்றாகச் சேர்வதே இல்லை. இரண்டு கொம்பு, இரண்டுக்கும் தனித்தனி வாசல். ஆணுக்கு ஆபரேஷன் சின்னது, பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். "அப்படின்னா பண்டுக்கு மட்டும் செய்தால் போதாதா?" என்று கேட்டேன். குட்டி வராமல் இருக்க அது போதும் என்றார். ஆனால் புஜ்ஜியின் பொய்ச் சினையும் கோபமும் அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிது, கருப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் செய்யாத பெண் முயல்களில், நாலு வயசைத் தாண்டினால், சில இனங்களில் பாதிக்கும் மேல் அதற்கு ஆளாகின்றன. முடிவு அங்கேயே ஆயிற்று: முதலில் பண்டு, குட்டிகள் பால் மறந்த பிறகு புஜ்ஜி.

பண்டுவைக் கூட்டிப்போனது புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமை. நாள் பார்க்காத முட்டாள்தனம் என்னுடையது. காட்பாடியிலிருந்து வரும் பாசஞ்சரில் கோவிந்தா கோஷம் கூரையைத் தூக்கியது. மூங்கில் கூடை, மேலே ஈரத் துண்டு, உள்ளே பண்டு காதைப் படியவைத்து உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறைய நாமம் போட்ட ஒரு வேலூர்ப் பாட்டி பாகாலா வரைக்கும் கூடையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சாமிக்கு நேர்ந்துகினதாப்பா?"

"இல்ல பாட்டி, ஆபரேஷன்."

"இன்னா ஆபரேஷன்?"

நான் தயங்கினேன். என் மகள் தயங்கவில்லை. "ஃபேமிலி ப்ளானிங் பாட்டி" என்றாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு. சந்திரகிரி வருவதற்குள் அந்தப் பாட்டி கூடைக்குள் கையை விட்டு பண்டுவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள், "பெருமாளே பார்த்துக்குவார்" என்று சொல்லிக்கொண்டே.

சாயங்காலம் மயக்கம் தெளிந்து வந்த பண்டு, டாக்டர் கையிலிருந்த அகத்திக் கொத்தை மோந்து பார்த்து, ஒரு இலையை இழுத்தான். அந்த ஒரு இலைக்காக நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீடு திரும்பியதும் தின்பதையும் புழுக்கையையும் பார்க்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் உடனே போன் செய்ய வேண்டும். இரவு பதினோரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பதினேழு புழுக்கை. நான் எண்ணினேன். என் பெண் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்குக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும்: ஆபரேஷன் ஆன மறுநாளே ஆண் மலடு ஆகிவிடுவதில்லை. குழாயில் மிச்சமிருக்கும் விந்து சில வாரம் உயிரோடிருக்கும். டாக்டர் ஆறு வாரம் சொன்னார், நான் நாள்காட்டியில் நாற்பத்திரண்டு கட்டம் அடித்துக்கொண்டே வந்தேன். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று இரண்டாம் வாரத்தில் சேர்த்துவிட்டுக் குட்டிகளை எண்ணியவர்கள் உண்டாம். ஒற்றை வலையையும் நம்பாதே என்றார். நடுவில் ஒரு முழம் இடம்விட்டு இரட்டை வலை கட்டினேன்.

புஜ்ஜிக்குக் கார்த்திகையில். அவளுடையது பெரிய ஆபரேஷன், வயிற்று முடியைச் சிரைத்திருந்தார்கள். "திருப்பதி போய் மொட்டை போட்டுக்கினு வந்திருக்கா மகராசி" என்று அம்மா திருஷ்டி கழித்தாள். வலிக்கு ஐந்து நாள் சொட்டு மருந்து. நாய்க்கு உண்ணிக்குத் தடவும் பிப்ரோனில் மருந்தையும், வீட்டில் கிடக்கும் அமாக்ஸிசிலினையும் முயல் பக்கமே கொண்டுபோகக் கூடாது, இரண்டும் அதற்கு எமன் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் சிவப்பில் எழுதிக் கொடுத்தது இன்னும் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பிறகுதான் அந்த அதிசயம். முதலில் நாற்றம் போனது. நான் பொய் சொல்லவில்லை, ஒரு மாதத்துக்குள் பண்டு பீய்ச்சுவதை நிறுத்தினான். மூலையில் தட்டு வைத்து வைக்கோல் போட்டால் இரண்டும் அதில்தான் போயின. "இந்த மொசலுங்கள வெச்சிக்கினு நான் குடும்பம் நடத்தணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒருநாள் சத்தமில்லாமல் ஹாலில் அவர்களுக்கு ஒரு பாயை விரித்தாள்.

ஆனாலும் இரண்டையும் தூக்கி ஒரே இடத்தில் போட்டுவிட முடியாது. மூன்று மாதம் பிரிந்திருந்தவர்கள். மறுபடி பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். முதலில் இவள் படுத்த சாக்கை அவனுக்கு, அவன் சாக்கை இவளுக்கு மாற்றிப் போட்டேன். பிறகு இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது குளியலறை ஒன்றுதான். மார்கழிக் காலையில் எங்கள் வீட்டில் யாரும் ஏழு மணிக்கு முன் குளிக்கவில்லை. ஆறு மணிக்கு முயல்களின் முறை. முதல் நாள் பத்து நிமிஷம். பண்டு அவள்மேல் ஏறப் பார்த்தான். ஆபரேஷன் ஆனாலும் ஏறும், அது யார் பெரியவர் என்ற வழக்கு. தலைப்பக்கம் ஏறினால் மட்டும் இறக்கிவிட வேண்டும், கடித்துவிடுவாள். புஜ்ஜி அவன் முதுகிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிய்த்துத் துப்பினாள். நான் கையில் துடைப்பத்தோடு நடுவராக வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டாவது நாள். புஜ்ஜி மெல்ல வந்து அவனுக்கு எதிரே நின்று, தலையைத் தரையோடு தரையாக வைத்தாள். "என்னை நக்கிவிடு" என்பது முயல் பாஷையில் அப்படித்தான். கெஞ்சல் மாதிரித் தெரியும், உண்மையில் உத்தரவு. பண்டுவும் தலையைக் கீழே வைத்தான். எனக்கு முதலில் செய் என்று. மூக்கோடு மூக்கு, மாமியாரும் மருமகளும் காப்பி டம்ளரை யார் கழுவுவது என்று நிற்பது போல, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். எனக்குக் கால் மரத்துப்போனது. பிறகு பண்டு தலையைத் தூக்கி, அவள் கண்ணுக்கு மேலே, காதுக்கு அடியில், நெற்றியில், நக்கினான், நக்கினான், நக்கிக்கொண்டே இருந்தான். புஜ்ஜி பல்லை மெல்ல அரைத்தாள். பூனை சொக்கிப்போய்க் குர்ர் என்பது போல முயலுக்கு அதுதான் சுகம். நான் வாளிமேல் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இப்போது இரண்டு வருஷமாகிறது. ஐயோ, அந்த இரண்டு பேரையும் நீங்கள் பார்க்க வேண்டும்! சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலில் விட்டால் பண்டு ஓடிவந்து அந்தரத்தில் எகிறி உடம்பை முறுக்கி விழுவான். அவனைப் பார்த்து அவளும் எகிறுவாள். என் மகள் கொண்டுவரும் நிலக்கடலைக் கொடியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தின்று நடுவில் வந்து மூக்கு இடித்துக்கொள்வார்கள். (கொடி எப்போதாவதுதான். அதில் சுண்ணாம்புச் சத்து கூட. தினப்படி சாப்பாடு அறுகம்புல்லும் காய்ந்த புல்லும்தான்.) அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, முப்பதுக்கு மேலேயே திணறுகிற ஜீவன்களுக்காக உடைந்த பானைகளை ஈர மணலில் சாய்த்துப் புதைத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வைக்கிறேன். பானை இரண்டு. எப்போது பார்த்தாலும் இருவரும் ஒரே பானைக்குள்தான், நாலு காது வெளியே நீட்டிக்கொண்டு.

ஆபரேஷன் இரண்டுக்கும் ஆன செலவில் அந்தக் கடையில் முயலாகவே இருபது வாங்கியிருக்கலாம். கேட்கிறவர்களுக்கு நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு ஹாலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். எதிர்வீட்டுக்காரர் இப்போது கூர பற்றிப் பேசுவதில்லை. கொத்தமல்லிக் காம்பைப் பொட்டலம் கட்டிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகிறார்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. எத்தனை தடவை விளக்கினாலும், "டாக்டருங்க சொல்லுவாங்கடா" என்று முடித்துவிடுவாள். தினம் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் நேரே தோட்டத்துக்குப் போய் அந்த மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறாள். நேற்றும் பார்த்தாள்.